நிலத்தடி நீரில் எரிபொருள் மாசு: யாழ்ப்பாணக் கிணறுகளைக் கண்காணிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிபொருள் நிரப்பு நிலையம், எண்ணெய்க் களஞ்சியம், மின்பிறப்பாக்கி நிலையம், பழைய வாகனத் திருத்தகம் போன்றவற்றின் அயலில் கிணறு வைத்திருப்போர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்தின் செம்மண்ணையும் அதன் கீழே கிடக்கும் சுண்ணக்கல்லையும் மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன. மணற்பாங்கான கரையோரங்களில் சில விவரங்கள் மாறும்.

கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்தால் போதாதா? தொடர்ந்து கண்காணிப்பது எதற்கு?

ஒருமுறை எடுத்த மாதிரி, அந்தக் கிணற்றில் அந்த ஆழத்தில் அந்த நாளில் இருந்த நீரைப் பற்றி மட்டுமே பேசும். எரிபொருளோ நிலத்துக்குள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும், நீரோட்டத்தோடு நகரும், நுண்ணுயிர்களால் சிறிது சிறிதாகச் சிதைந்தும் போகும். மாசு எவ்வளவு தூரம் பரந்துள்ளது என்பதை அறியப் பல கிணறுகள் வேண்டும்; எந்தப் பக்கம் நகர்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்பதை அறியக் காலம் வேண்டும். ஒரு கிணற்றின் ஒரு முடிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊர்த் தண்ணீர் முழுவதும் கெட்டுவிட்டது என்பதும், ஒன்றுமே இல்லை என்பதும் ஒரே அளவுக்கு ஆதாரமற்ற பேச்சுகள்.

தரையில் சிந்திய டீசல் கிணற்றுக்கு எப்படி வருகிறது?

பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், மின் நிலையங்கள் எரிக்கும் உலை எண்ணெய் ஆகியவற்றில் பெரும்பாலானவை நீரைவிட இலேசானவை. கசிந்த எரிபொருள் மண்ணினூடாக இறங்கும்போது ஒரு பகுதி மண் துணிக்கைகளிடையே சிக்கிக்கொள்ள, மீதி நீர்மட்டத்தை அடைந்து அதன்மேல் படையாகப் பரவுகிறது. அந்தப் படையிலிருந்து கரையக்கூடிய கூறுகள் நீருக்குள் இறங்கி நீரோட்டத்தோடு செல்கின்றன. பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் இவற்றுள் முக்கியமானவை. பெற்றோலில் இவை அதிகம்; டீசலில் குறைவு; உலை எண்ணெயில் மிகக் குறைவு. எனவே என்ன எண்ணெய் கசிந்தது என்று தெரியாமல் எதைப் பரிசோதிப்பது என்று தீர்மானிக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. செம்மண் படை பல இடங்களில் மெல்லியது; அதன் கீழே இருப்பது வெடிப்புகளும் கரைந்து உண்டான பொந்துகளும் நிறைந்த சுண்ணக்கல். மணலில் நீர் ஊர்ந்து செல்கிறது என்றால், சுண்ணக்கல்லின் பொந்துகளில் அது ஓடுகிறது. சாயமிட்டுப் பார்க்கும் சோதனைகளில், இத்தகைய பாறையில் நிலத்தடி நீர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் சென்றதும் உலகின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அந்தப் பாறைக்குள் இருக்கும் வழிகளை நாம் கண்ணால் காணக்கூடிய இடங்கள். பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தமாக இருக்க, நான்கு வளவு தள்ளியுள்ள கிணற்றில் எண்ணெய் மணப்பது இங்கே நடக்கக் கூடியதுதான்.

சுன்னாகத்தில் நடந்ததை ஏன் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்?

சுன்னாகம் மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த முறைப்பாடுகள் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் மக்கள் பிரச்சினையாயின. அக்காலத்தில் வெளிவந்த ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று தெரியாமல் குடும்பங்கள் பவுசர் நீரை நம்பியிருந்தன. இது தொடர்பாகத் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. சட்டத்துறையினருக்கு அது ஒரு முன்னுதாரணம். கண்காணிப்பவர்களுக்கு அதில் வேறொரு பாடம் இருக்கிறது: எங்கே, எப்போது, எந்த முறையில் என்பவற்றை முதலிலேயே உடன்பட்டு எழுதிவைக்காமல் எடுக்கும் மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

என் கிணற்று நீரின்மேல் மினுங்கும் படலம் தெரிகிறது. அது எண்ணெயா?

ஒரு குச்சியால் படலத்தைக் கிழித்துப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் கிழிந்தவுடன் மீண்டும் ஒன்றுசேரும். இரும்புப் பற்றீரியாக்கள் உண்டாக்கும் படலம் கண்ணாடித் துண்டுகள்போல் கோணல்மாணலாக உடைந்து அப்படியே மிதக்கும். நம்மூரில் மூன்றாவது ஒன்றும் உண்டு: இறைக்காமல் விட்ட கிணற்றில் சுண்ணாம்பு படிந்து வெண்மையான மெல்லிய ஆடையாக மிதப்பது. அது வாளியின் ஓரத்தில் பொடியாக ஒட்டும், மணக்காது.

ஆனால் படலம் இல்லை என்பதால் மாசு இல்லை என்று கொள்ளக்கூடாது. கரைந்த பென்சீன் கண்ணுக்குத் தெரியாது. மூக்கு அதை உணர்வதற்கு முன்பே அது பாதுகாப்பான அளவைப் பலமடங்கு தாண்டியிருக்கும். மறுபுறம், கிணற்றுக் கட்டின்மேல் வைத்திருக்கும் நீரிறைக்கும் இயந்திரத்திலிருந்து சொட்டும் மண்ணெண்ணெயும், கப்பிக்குப் பூசிய கிறீசும் கிணற்றில் உண்மையான எண்ணெய்ப் படலத்தையே உண்டாக்கும். முறைப்பாடு செய்வதற்கு முன் இயந்திரத்தைச் சுற்றியுள்ள சீமெந்துத் தரையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கண்காணிப்புக் கிணறுகளை எங்கே, எப்படி அமைக்க வேண்டும்?

நீரோட்டத்தின் மேற்புறத்தில் குறைந்தது ஒன்று, கசிவிடத்தில் ஒன்று, கீழ்ப்புறத்தில் பல என்பது பொது விதி. மூன்று கிணறுகளின் நீர்மட்டங்களைக் கடல்மட்டம் சார்ந்து ஒரே நாளில் அளந்தால் நீரோட்டத் திசையைக் கணிக்கலாம். மேற்புறக் கிணறு இல்லாவிட்டால், வந்த மாசு இந்தத் தளத்திலிருந்துதான் வந்தது என்று சொல்ல வழியில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்புகிறவருக்கு அது மிகவும் வசதியான இடைவெளியாகிவிடும்.

குழாயின் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். மிதக்கும் எண்ணெய் குழாய்க்குள் வருவதற்கு அதுதான் வாசல். கோடையில் தோண்டி, அன்றைய நீர்மட்டத்துக்கு ஏற்றபடி மட்டும் துளையிட்டால், மாரியில் நீர் உயரும்போது எண்ணெய் துளையில்லாத குழாய்ச் சுவருக்கு வெளியே நின்றுவிடும். உள்ளே எடுக்கும் நீர் சுத்தமாகவே வரும். குழாயைச் சுற்றி மேற்பகுதியைக் களியால் அடைக்காவிட்டால், முற்றத்து வெள்ளம் நேரே உள்ளே இறங்கும்.

சுண்ணக்கல்லில் இந்த விதிகள் அனைத்தையும் பின்பற்றியும் ஏமாறலாம். துளை ஒரு பொந்திலிருந்து ஒரு முழம் விலகியிருந்தாலே மாசு செல்லும் வழி தவறிவிடும். ஆகவே புதிய குழாய்களை மட்டும் நம்பாமல், ஏற்கெனவே உள்ள வீட்டுக் கிணறுகளையும் தோட்டக் கிணறுகளையும் ஊற்றுகளையும் கண்காணிப்பு வலையில் சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்தக் கிணறுகளை வெட்டிய முன்னோர் நீர் ஊறும் வெடிப்பைத் தேடித்தான் வெட்டினார்கள். ஆழ அகலமான அந்தக் கிணறுகள் பாறையின் வழிகளை ஒரு சிறு குழாயைவிட நன்றாகச் சந்திக்கின்றன.

ஆண்டில் எத்தனை முறை, எந்த மாதங்களில் மாதிரி எடுக்க வேண்டும்?

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை என்பது பரவலான வழக்கம். பணம் இரண்டு முறைக்குத்தான் போதும் என்றால், கடும் கோடையின் முடிவாகிய செப்ரெம்பரிலும், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியிலும் எடுக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைதான் குடாநாட்டின் நிலத்தடி நீருக்குப் பெரும்பங்கு தருகிறது. வற்றாத ஆறு எதுவும் இங்கே இல்லை.

இந்த இரண்டு நேரங்களும் இரண்டு வேறு படங்களைக் காட்டும். நீர்மட்டம் உயரும்போது, முன்னர் மிதந்த எண்ணெயின் ஒரு பகுதி துளிகளாக உடைந்து பாறை இடுக்குகளில் நீருக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. மேற்பரப்பில் எண்ணெய் மெலிந்துவிடும், சில கிணறுகளில் முற்றாகவே மறைந்துவிடும். கோடையில் நீர் இறங்க, மாட்டிக்கொண்ட எண்ணெய் வடிந்து மீண்டும் கிணற்றில் தோன்றுகிறது. மாரியில் "எண்ணெய் போய்விட்டது" என்று அறிவித்து, ஆவணியில் அது திரும்பி வந்ததைக் கண்டு புதிய கசிவு என்று பதறுவது இதை அறியாததால் வருவது. அதேவேளை, முதல் மழையோடு மேல்மண்ணில் தங்கியிருந்த எரிபொருள் கழுவப்பட்டு நீரில் கரைந்த கூறுகள் திடீரென உயரக்கூடும். படையின் தடிப்பையும் கரைந்த செறிவையும் தனித்தனியே பதிவதற்குக் காரணம் இதுவே.

நேரமும் முக்கியம். வெங்காயத்துக்கோ புகையிலைக்கோ பக்கத்துத் தோட்டத்தில் இறைப்பு நடந்துகொண்டிருக்கையில் நீரோட்டம் தற்காலிகமாக அந்தக் கிணற்றை நோக்கித் திரும்பிவிடும். யார் எப்போது இறைத்தார் என்ற ஒரு வரிக் குறிப்பு, பின்னர் புரியாத முடிவொன்றை விளக்கிவிடும்.

மாதிரி எடுப்பதில் இவ்வளவு கவனம் எதற்கு? ஒரு போத்தலில் நிரப்பிக் கொடுத்தால் ஆகாதா?

ஆகாது. பென்சீன் காற்றுப் பட்டவுடன் பறந்துவிடும் பொருள். வாளியால் அள்ளிச் சோடாப் போத்தலில் சலசலவென்று ஊற்றிய நீரில் அதில் பெரும்பகுதி இராது. மிச்சமிருப்பதில் ஒரு பகுதியைப் பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும்.

முதலில், எண்ணெயின் மேற்பரப்பையும் நீரின் மேற்பரப்பையும் தனித்தனியே உணரும் அளவுநாடாவை மெதுவாக இறக்கி இரண்டையும் பதிய வேண்டும். மிதக்கும் படை இருந்தால், அதன் கீழிருந்து எடுத்த நீரின் கரைந்த செறிவை நம்ப முடியாது. படை இருக்கிறது என்பதே அன்றைய முடிவு. படை இல்லாவிட்டால், குழாய்க்குள் தேங்கிய பழைய நீரை மெல்லிய வேகத்தில் வெளியேற்றி, வெப்பநிலை, மின்கடத்துதிறன், அமிலகாரத்தன்மை, கரைந்த ஒட்சிசன் ஆகியவை மாறாமல் நிலைத்தபின் மாதிரி எடுக்கப்படும். திறந்த கிணற்றில் இவ்வாறு வெளியேற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது. மேற்பரப்பு நீரை விட்டு, மூடிய கொள்கலத்தை ஆழத்துக்கு இறக்கி அங்கே திறந்து எடுக்க வேண்டும்.

ஆவியாகும் கூறுகளுக்கு 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி பயன்படுகிறது. விளிம்பில் நீர் குவியும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு குமிழி மேலெழுந்தாலும் அந்தக் குப்பி கழிக்கப்படும். வழமையாக நுண்ணுயிர்களைத் தடுக்கக் குப்பிக்குள் சில துளி ஐதரோகுளோரிக் அமிலம் இடப்படும், அவ்வாறு இட்ட மாதிரியைக் குளிரில் 14 நாள் வைத்திருக்கலாம். இங்கேதான் யாழ்ப்பாணத்து நீர் தன் குணத்தைக் காட்டுகிறது. சுண்ணாம்புக் காரம் மிகுந்த நீரில் அமிலம் பட்டவுடன் காபனீரொட்சைட்டு நுரைத்தெழும். அந்த நுரையோடு பென்சீனும் வெளியேறும். அப்படி நுரைத்தால் அமிலமில்லாத குப்பியில் எடுத்து, 4 பாகை செல்சியசில் பனிக்கட்டியில் வைத்து, 7 நாளுக்குள் பகுப்பாய்வு செய்ய வேண்டும். மாதிரி கொழும்புக்குப் போகவேண்டியிருந்தால் அந்த 7 நாளில் ஒன்று பிரயாணத்தில் போய்விடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

ஆய்வுகூடத்திலேயே தூய நீரால் நிரப்பி மூடிய, வெற்றுக் குப்பி எனப்படும் ஒரு குப்பியும் பெட்டியோடு போய்த் திறக்கப்படாமலே திரும்பி வரவேண்டும். வரும் வழியில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்த கையுறையோடு பெட்டியைத் தொட்டிருந்தால் அதை அந்தக் குப்பி காட்டிக்கொடுத்துவிடும்.

"எண்ணெயும் கிறீசும்" என்ற பரிசோதனை போதுமானதா?

கருத்து முரண்பாடுகளில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அந்தப் பரிசோதனையில் நீரை எக்சேன் என்ற கரைப்பானோடு குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதை நிறுக்கிறார்கள். எஞ்சியது டீசலா, தேங்காயெண்ணெயா, சவர்க்காரமா, பாசியிலிருந்து வந்த கொழுப்பா என்று தராசுக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், ஆவியாக்கும்போது பெற்றோலின் இலேசான கூறுகள் அனைத்தும் கரைப்பானோடு சேர்ந்து பறந்துவிடுகின்றன. ஆகவே இல்லாத எரிபொருளை இருப்பதாகவும், இருக்கும் எரிபொருளை இல்லாததாகவும் காட்டக்கூடிய முறை அது.

அளவும் ஒரு சிக்கல். இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயமான எஸ்.எல்.எஸ். 614 இன் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு எண்ணெய், கிறீசு ஆகியவற்றுக்கு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் என வரம்பிடுகிறது. நிறுத்தறியும் முறைகளுள் பரவலான, அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் 1664 ஆம் இலக்க முறை நம்பத்தகுந்தவாறு அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு லீற்றருக்கு 5 மில்லிகிராம். வரம்பைவிட 25 மடங்கு பெரிய அளவை மட்டுமே காணக்கூடிய கருவியால் "வரம்புக்குள் இருக்கிறது" என்று சான்றளிப்பது எப்படி?

எரிபொருளைத் தேடுகிறவர் கேட்கவேண்டியது வேறு. பென்சீன் முதலிய நான்குக்கும், கூறுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக இனங்காணும், வாயு குரோமற்றோகிராபியும் திணிவு நிறமாலைமானியும் இணைந்த பகுப்பாய்வு. டீசல் வீச்சுக்கும் உலை எண்ணெய் வீச்சுக்கும் தனித்தனியாகப் பெற்றோலிய ஐதரோகாபன் அளவீடு. உலை எண்ணெய் அல்லது கழிவெண்ணெய் என்றால் நப்தலீன் போன்ற பல்வளைய அரோமற்றிக் சேர்வைகளும் பாரமான உலோகங்களும். வாயு குரோமற்றோகிராபி தரும் வரைபடத்தையும் அறிக்கையோடு கேட்டுப் பெறுங்கள். டீசலின் சீரான கூர்முனை வரிசையைக் கண்டு பழகியவர் அதைப் பாசிக் கொழுப்போடு குழப்பமாட்டார்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவுகள் லீற்றருக்குப் பென்சீன் 0.01 மில்லிகிராம், தொலுயீன் 0.7, எதைல்பென்சீன் 0.3, சைலீன் 0.5. பென்சீனின் அளவு மட்டும் இவ்வளவு தாழ்வாக இருப்பதற்குக் காரணம் அது மனிதருக்குக் குருதிப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிப்படுத்தப்பட்டிருப்பது.

கொதிக்க வைத்தோ குளோரின் இட்டோ குடிக்கலாமா?

குளோரின் கிருமிகளுக்கானது, எரிபொருளுக்கு அதனால் பயனில்லை. கொதிக்க வைத்தால் பென்சீன் நீரைவிட்டு அடுக்களைக் காற்றுக்குப் போகும், பாரமான எண்ணெய் பானையிலேயே இருக்கும். கிணற்றுக்குள் சவர்க்காரத் தூள் கொட்டுவது எல்லாவற்றிலும் மோசம்: மிதந்த எண்ணெய் நீரோடு கலந்து கீழிறங்கிவிடும்.

எரிபொருளைத் தேட வந்தவர்கள் நைத்திரேற்றையும் ஏன் அளக்கிறார்கள்?

நுண்ணுயிர்கள் எரிபொருளைச் சிதைக்கும்போது முதலில் நீரில் கரைந்த ஒட்சிசனைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்ததும் நைத்திரேற்றையும், பின்னர் இரும்பையும் சல்பேற்றையும் பயன்படுத்துகின்றன. கடைசியில் மெதேன் உண்டாகிறது. பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பது நெடுங்காலமாக அறிந்த விடயம். அத்தகைய தோட்டங்களின் நடுவே, கசிவிடத்தின் கீழ்ப்புறத்துக் கிணறு ஒன்றில் மட்டும் நைத்திரேற்று ஏறக்குறைய இல்லாமலும் ஒட்சிசன் தாழ்ந்தும் கூழ்முட்டை மணத்தோடும் இருந்தால், நிலத்துக்குள் எதையோ நுண்ணுயிர்கள் தின்றுகொண்டிருக்கின்றன என்று ஊகிக்கலாம். நைத்திரேற்று குறைந்த கிணறு என்று மகிழ வேண்டிய இடத்தில் ஐயப்பட வேண்டியிருக்கிறது. சல்பேற்றை வைத்து இப்படி ஊகிக்கும்போது எச்சரிக்கை தேவை. கடல்நீர் கலப்பும் சல்பேற்றைக் கூட்டும், ஆகையால் குளோரைட்டோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

பெரிய பம்பு வைத்து மாசு நீர் முழுவதையும் இறைத்துவிடலாமே?

பிற நாடுகளில் செய்யப்படும் முறைதான். ஆனால் குடாநாட்டின் நன்னீர், உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. கொள்கையளவில், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர நன்னீர் இருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம், நீர்மட்டத்தை நீண்டகாலம் 10 சென்ரிமீற்றர் இறக்கி வைத்தால் உவர்நீர் 4 மீற்றர் வரை மேலேற இடமுண்டு. எண்ணெயை எடுக்கப்போய்க் கிணற்றை உவராக்கிவிட்டால், எண்ணெய் சிதைந்த பிறகும் அந்தக் கிணறு பயன்படாது. கசிவை நிறுத்துவது, ஊறிய மண்ணைத் தோண்டி அகற்றுவது, மிதக்கும் படையை மட்டும் மேலிருந்து வழித்தெடுப்பது ஆகியவை இங்கே பொருத்தமானவை. இறைத்தே ஆகவேண்டுமானால், உவர் ஏறுவதைக் காட்டும் மின்கடத்துதிறனையும் உடனுக்குடன் அளந்துகொண்டே இறைக்க வேண்டும்.

எப்போது கண்காணிப்பை நிறுத்தலாம்?

எல்லாக் கிணறுகளும் வரம்புக்குக் கீழே வந்து, குறைந்தது இரண்டு முழு மாரி–கோடைச் சுற்றுகளுக்கு அப்படியே நின்றபின் என்பது என் மதிப்பீடு. சுத்திகரிப்பை நிறுத்திய பிறகு செறிவு மீண்டும் ஏறுவது பல தளங்களில் கண்ட அனுபவம். எனவே அந்தக் காலத்தைச் சுத்திகரிப்பு நின்ற நாளிலிருந்தே எண்ண வேண்டும்.

சந்தேகம் வந்தால் யாரிடம் போவது? இருக்கும் அறிக்கைகளை எப்படிப் பெறுவது?

உடனடியாகப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பிரதி அனுப்புங்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ்ச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வழங்கும் பொறுப்பு அந்த அதிகாரசபைக்கு உண்டு. அறிவித்த நாளிலிருந்து அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அரச நிறுவனங்களிடம் ஏற்கெனவே உள்ள அறிக்கைகளை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைத் தரவேண்டும். "அறிக்கையின் பிரதி" என்று மட்டும் கேட்காமல், மாதிரி எடுத்த நாள், அன்றைய நீர்மட்டம், கிணற்றின் அமைவிடம், எடுத்த ஆழம், பரிசோதனை முறையின் பெயர், அந்த முறை அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு, வெற்றுக் குப்பியின் முடிவு ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "கண்டறியப்படவில்லை" என்ற சொல் மட்டும் இருந்து, எந்த அளவுக்கு மேல் கண்டறியக்கூடிய முறை என்பது இல்லாவிட்டால், அந்த வரியை வெற்று வரியாகவே கொண்டு மறுபடியும் எழுதிக் கேளுங்கள்.